எட்டரை: ஒரு திரைப்படம் பிறந்த வரலாறு

நூலுக்கும் நாடகத்துக்கும் பெயர் சூட்டுவோர் கதைத் தலைவனின் பெயரையோ, ஊரின் பெயரையோ, கதை உணர்த்தும் கருத்தையோ எடுத்துக்கொள்வது வழக்கம். 1963ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இத்தாலி நாட்டில் வெளிவந்த ஒரு திரைப்படத்துக்கு அதன் இயக்குநர் ஓர் எண்ணைப் பெயராக இட்டார். அப்பெயர் ‘எட்டரை’. எட்டரை மணிக்கு நடந்த நிகழ்ச்சி எதையும் அப்படம் சொல்லவில்லை. எட்டரை என்ற அளவுள்ள பொருள் எதுவும் அதில் வருவதில்லை. பின் இப்பெயர் எங்கிருந்து வந்தது?

இயக்குநரின் பெயர் ஃபெடரிக்கோ ஃபெல்லினி. தாம் அதுவரை எடுத்த படங்களை அவர் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். தாமே தனித்து இயக்கிய முழுப் படங்கள் ஆறு. 1950இல் வெளிவந்த முதற்படத்தை ஆல்பெர்த்தோ லத்துவாதா என்பவரோடு சேர்ந்து இயக்கியமையால், அதில் தம் பங்கு பாதி என்று கொண்டார். இயக்குநர் பலர் ஆளுக்கொரு பகுதியாக எடுத்துத் தொகுத்த படங்கள் இரண்டில், ஒன்று 1953இலும் மற்றது 1962இலும் வந்தன, அவருக்கு ஒவ்வொரு சிறு பகுதி இருந்தது. அவற்றை இரண்டு அரையாகக் கணக்கிட்டார். ஆக ஏழரை ஆயிற்று. அடுத்தது எட்டரை! நம் நாட்டில் ‘ஏழரை’ என்ற சொல் காதில் விழுந்தாலே சனி பகவானின் நினைவு வந்துவிடும். சோதிடத்தைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. ஆயினும் ஏழரை முடிந்து எட்டரை பிறப்பதற்குள் ஃபெல்லினி பட்ட பாடு சிறிதன்று. அந்தப் பாட்டையே அவர் படமாக எடுத்தார் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்த வரலாறு.

ஃபெல்லினி 1920ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் அட்ரியாட்டிக் கடற்கரையில் உள்ள ரிமினி என்னும் ஊரில் பிறந்தவர். அவர் பள்ளிப் பருவம் முழுவதும் முசோலினியின் ஆட்சியில் கழிந்தது. 1939இல் உரோம் நகருக்கு வந்து, நகைச்சுவை இதழ் ஒன்றில் கேலிச்சித்திரமும் துணுக்குகளும் எழுதிப் பிழைத்தார். 1944 ஜூன் திங்களில் நேசநாட்டுப் படை உரோம் நகரை மீட்டபோது, அவர் ஒரு சிறு கடை வைத்துப் போர்வீரர்களின் முகங்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கடைக்குள் ஒருநாள் நுழைந்தவர் இயக்குநர் ராபர்ட்டோ ரோசலினி. அந்தச் சந்திப்பின் பயனாக, 1945இல் வெளிவந்த ‘உரோம், திறந்த நகரம்’ என்னும் படத்தின் எழுத்துப் பணியில் ஃபெல்லினிக்கு இடம் கிடைத்தது.

போரால் சிதைந்த தெருக்களையே அரங்கமாகவும், தெருவில் நடப்போரையே நடிகராகவும் கொண்டு இத்தாலியர் அக்காலத்தில் எடுத்த படங்கள் உலகத்தையே திரும்பிப் பார்க்கச் செய்தன. இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா 1952இல் பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தபோது, நம் நாட்டவர் கண்டு வியந்த ‘சைக்கிள் திருடர்கள்’ அவ்வகையைச் சேர்ந்ததே. ஃபெல்லினி அந்தப் பள்ளியில் பயின்றவர். ஆனால் அங்கேயே தங்கிவிடவில்லை. தெருவில் நடப்பதை மட்டுமன்றி, தெருவில் நடப்பவன் மனத்துக்குள் நடப்பதையும் காட்ட வேண்டும் என்ற ஆவல் அவருக்கு உண்டாயிற்று. அவருடைய துணைவியார் ஜூலியெட்டா மசினா நடித்த ‘லா ஸ்த்ராதா’ 1954இலும், ‘கபிரியாவின் இரவுகள்’ 1957இலும் வெளிவந்தன. இரண்டும் அமெரிக்காவின் ஆஸ்கார் பரிசைப் பெற்றன.

பின்னர் 1960இல் ‘லா தோல்சே வீட்டா’ வந்தது. ‘இனிய வாழ்வு’ என்பது அத்தொடரின் பொருள். உரோம் நகரத்துச் செல்வர்களின் வெறுமையான களியாட்டங்களைக் காட்டிய அந்தப் படம் இத்தாலியைக் கலக்கிவிட்டது. வத்திக்கான் நாளேடு அதைக் கடுமையாகக் கண்டித்தது. மக்களோ கொட்டகைகளின் வாயிலில் முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். கான் நகரத்து விழாவில் அதற்கே தலைமைப் பரிசு. புகழ்பெற்றோரைத் துரத்திப் படம் பிடிப்பவர்களை இன்று உலகெங்கும் ‘பாப்பராட்சி’ என்கிறார்களே, அந்தச் சொல்லும் இப்படத்தில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயரிலிருந்து பிறந்ததுதான்.

வெற்றி வந்தால் வழி திறக்கும் என்று நினைக்கிறோம். ஃபெல்லினிக்கு நேர்ந்தது வேறு. ஆஞ்சலோ ரிசோலி என்னும் பெருஞ்செல்வர், பதிப்புத் தொழிலிலும் படத் தொழிலிலும் கைதேர்ந்தவர், ஃபெல்லினியைப் பங்காளியாகச் சேர்த்து ‘ஃபெடெரிஸ்’ என்ற நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். இருவர் பெயரின் பகுதிகளையும் ஒட்டவைத்து ஆக்கிய பெயர் அது. இளைஞர்களின் படங்களுக்குத் துணை நிற்பது அதன் நோக்கம். கவிஞர் பசோலினி தம் முதற்படத்துக்காகச் சில காட்சிகளை எடுத்துக்கொண்டு அங்கே வந்தார். அவை ஃபெல்லினிக்குப் பிடிக்கவில்லை, உதவி மறுக்கப்பட்டது. பசோலினி வேறொருவர் துணையோடு 1961இல் ‘அக்கத்தோனே’ என்ற அப்படத்தை முடித்து வெளியிட்டுப் பெயர் பெற்றார். தமக்குப் புரியாததைத் தள்ளிவிடும் அதிகாரியின் நாற்காலியில் ஒரு கலைஞரை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இதற்கிடையே அடுத்த படம் என்ன என்ற கேள்வி நாள்தோறும் வளர்ந்தது. 1960 அக்டோபரிலேயே, தம் எழுத்துத் துணைவர்களுள் ஒருவரான புருனெல்லோ ரோந்திக்கு ஃபெல்லினி ஒரு கடிதம் எழுதினார். ஒரு மனிதன் உடல்நலக் குறைவு காரணமாகத் தன் அன்றாட வாழ்க்கையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு ஊற்றுநீர் விடுதி ஒன்றுக்குச் செல்கிறான். இது கடிதத்தில் கண்ட கரு. அந்த மனிதன் யார்? எழுத்தாளனா, நாடகம் நடத்துபவனா, வேறு தொழில் செய்பவனா? அது மட்டும் ஃபெல்லினிக்குத் தெரியவில்லை. எனியோ ஃப்ளையானோவும் துல்லியோ பினெல்லியும் ரோந்தியும் உடனிருந்து காட்சி காட்சியாக எழுதினார்கள். படத்துக்கு ‘அழகிய குழப்பம்’ என்று பெயரிடலாம் என்றார் ஃப்ளையானோ. காட்சிகள் பெருகின, கதைத் தலைவனின் தொழில் என்ன என்பது மட்டும் துலங்கவே இல்லை. மார்ச்செல்லோ மாஸ்த்ரொயானி நடிகராக ஒப்பந்தம் ஆகிவிட்டார். உரோம் நகரின் புறத்தே சினெச்சித்தா என்னும் படப்பிடிப்பு நிலையத்தில் தச்சர்கள் அரங்கம் எழுப்பத் தொடங்கிவிட்டார்கள். எல்லாம் தயார். இயக்குநரின் மனத்தில் படம் இல்லை.

இனி நடந்ததை ஃபெல்லினியே பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் தம் வாழ்க்கையைச் சற்று அழகுபடுத்திச் சொல்வதில் வல்லவர். அதனையும் மனத்தில் வைத்துக்கொண்டே நாம் இதைக் கேட்க வேண்டும். தம் அலுவல் அறையில் அமர்ந்து, படம் தம் கையை விட்டு நழுவிவிட்டது, தம்மால் இதை எடுக்க இயலாது என்று தயாரிப்பாளர் ரிசோலிக்கு அவர் ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார். கடிதம் பாதியில் இருக்கும்போது வெளியிலிருந்து ஒரு குரல் அழைத்தது. அரங்கத் தொழிலாளர்களுள் ஒருவருக்கு அன்று பிறந்தநாள். எல்லோரும் கூடி மது ஊற்றிக் குடிக்கிறார்கள். இயக்குநரும் வரவேண்டும் என்று அழைக்கிறார்கள். அவர் போனார். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் அவருக்கும் ஒரு குவளை கொடுத்து, இந்தப் படம் மிகப் பெரிய படமாக அமையும் என்று வாழ்த்தினார்கள்.

அந்த வாழ்த்து அவரைச் சுட்டது. கப்பலையும் மாலுமிகளையும் கைவிட்டு ஓடும் தலைவன் நிலையில் தாம் இருப்பதை உணர்ந்தார். வெளியே வந்து தோட்டத்து விசிப்பலகை ஒன்றில் அமர்ந்தார். எடுக்க வேண்டிய படம் இன்னதென்றே தெரியாமற்போன ஓர் இயக்குநன். அவனை நம்பி நூறு பேர் காத்திருக்கிறார்கள். இதுவே கதை! தேடிய பொருள் கையிலேயே இருந்தது. கதைத் தலைவனின் தொழில் என்ன என்று ஒன்றரை ஆண்டுக் காலம் தேடியவருக்கு, அது தம்முடைய தொழிலே என்பது அந்தப் பலகையில் புலப்பட்டது. கடிதம் அனுப்பப்படவில்லை. 1962ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் படப்பிடிப்புத் தொடங்கியது. கேமராவில் தம் கண்படும் இடத்தில் ஒரு துண்டுச் சீட்டை அவர் ஒட்டிவைத்தார். இது நகைச்சுவைப் படம் என்பதை மறவாதே என்பது அச்சீட்டில் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட எச்சரிக்கை.

மாணவர்களே, கட்டுரைத் தேர்வில் வெற்றுத் தாளின் முன்னே பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை நான் முப்பது ஆண்டுக்கு மேல் கண்டிருக்கிறேன். அவர்களிற் பலர் ஒன்றும் தெரியாதவர் அல்லர். பலவும் தெரிந்து, எதை முதலில் எழுதுவது என்று தெரியாதவர்கள். இந்தப் படத்தின் தலைவன் குய்தோ அன்செல்மியின் நிலையும் ஏறக்குறைய அதுவே. அவனுக்கு வயது 43. அவனிடம் நினைவுகள் உண்டு, கனவுகள் உண்டு, பணம் கொடுக்கத் தயாரிப்பாளர் உண்டு. ஆனால் பொய் கலவாத ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அவன் விரும்புகிறான். அவனுடைய அன்றாட வாழ்க்கையோ பொய்யின்மேல் பொய்யாக அடுக்கப்பட்டிருக்கிறது. முட்டுக்கட்டை அங்கேதான் விழுகிறது.

படம் ஒரு கெட்ட கனவோடு தொடங்குகிறது. சுரங்கப் பாதை ஒன்றில் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒலியே இல்லை. ஒரு வண்டிக்குள் புகை சூழ, கண்ணாடியைத் தட்டித் திணறுகிறான் ஒருவன். மற்ற வண்டிகளில் இருப்போர் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எப்படியோ வெளியேறி மேகங்களுக்கிடையே பறக்கிறான். பார்த்தால், அவன் காலில் ஒரு கயிறு! கீழே கடற்கரையில் ஒருவர் அவனைப் பட்டம் போலப் பிடித்து இழுக்கிறார். அவன் தலைகீழாகக் கடலை நோக்கி விழுகிறான். அடுத்த கணம் ஊற்றுநீர் விடுதியின் கட்டிலில் விழித்துக்கொள்கிறான். மருத்துவர் வந்து நாடி பார்க்கிறார். படுக்கையிலேயே அவனிடம் அடுத்த படத்தைப் பற்றி விசாரிக்கிறார்கள்.

அன்று தொடங்கிய விசாரணை படம் முடியும்வரை ஓயவில்லை. நடிகைகள் தம் பாத்திரம் என்ன என்று கேட்கிறார்கள். தயாரிப்பாளர் செலவைக் கேட்கிறார். விண்வெளிக் கப்பல் ஏவுவதற்கென்று கடற்கரையில் வானளாவிய இரும்புச் சாரம் எழுப்பியாகிவிட்டது. அது எதற்கு என்று குய்தோவுக்கே தெரியாது. காதலி ஒருத்தி வந்து சேர்கிறாள். மனைவி லூயிசாவும் வருகிறாள். நெருக்கம் தாங்காதபோதெல்லாம் அவன் மனம் நழுவி இளமைக்கு ஓடிவிடுகிறது. எது நடப்பு, எது நினைவு, எது கனவு என்று படம் அறிவித்துவிட்டுக் காட்டுவதில்லை. 1963இல் இதைக் கண்டு பலர் திகைத்தார்கள். இக்காலத்து மாணவர் அவ்வளவு திகைக்கமாட்டார்கள். இந்த முறையைப் பின்னர் எத்தனையோ பேர் கையாண்டுவிட்டார்கள்.

இளமை நினைவுகளுள் ஒன்றை மட்டும் இங்கே விரித்துச் சொல்ல விரும்புகிறேன். விடுதியில் மனத்திலுள்ளதைச் சொல்லும் வித்தைக்காரர் ஒருவர் குய்தோவின் மனத்தைப் படித்துவிட்டு, ‘அசா நிசி மாசா’ என்று கரும்பலகையில் எழுதச் செய்கிறார். ஒருவருக்கும் பொருள் விளங்கவில்லை. உடனே காட்சி மாறுகிறது. பாட்டியின் பண்ணைவீடு, திராட்சை ரசத் தொட்டியில் குளிப்பாட்டி, வெண்துணியில் பொதிந்து, படுக்கைக்குத் தூக்கிச் செல்லப்படும் குழந்தைகள். விளக்கு அணைந்த பிறகு ஒரு சிறுமி எழுந்து, இந்த மந்திரத்தைச் சொன்னால் சுவரிலுள்ள படத்தின் கண்கள் அசைந்து புதையலைக் காட்டும் என்கிறாள். நம் சிறுவர்கள் எழுத்துக்கு எழுத்து ‘க’ சேர்த்து மறைமொழி பேசுவதுண்டு அன்றோ? இத்தாலியச் சிறுவர் ‘ச’ சேர்த்துப் பேசுவர். சேர்த்த எழுத்துகளை நீக்கிப் பாருங்கள்: ‘அனிமா’ என்று வரும். ஆன்மா என்பது அதன் பொருள். ஃபெல்லினி இக்காலத்தில் எர்ன்ஸ்ட் பெர்ன்ஹார்டு என்னும் உளநூல் அறிஞரோடு பழகி, யுங் என்பவரின் கொள்கைகளில் ஈடுபட்டிருந்தார். யுங்கின் நூல்களில் இச்சொல்லுக்குத் தனியிடம் உண்டு. குழந்தை விளையாட்டுக்குள் இத்தனை பெரிய பொருளைப் பொதிந்து வைத்துவிட்டு, ஃபெல்லினி அதைப் படத்தில் எங்கும் விளக்கவில்லை.

மற்றொரு காட்சி எனக்கு உவப்பானதன்று. ஆயினும் சொல்லியே ஆகவேண்டும். தான் பழகிய பெண்கள் அனைவரும் ஒரே வீட்டில் கூடித் தனக்குப் பணிவிடை செய்வதாகக் குய்தோ கற்பனை செய்கிறான். அவர்கள் எதிர்த்தபோது சாட்டையைச் சுழற்றுகிறான். ஆண்மகனின் தன்னலத்தை அழகாகக் காட்டுகிறார் என்று சிலர் குறை கூறினர். அதை எள்ளி நகையாடுகிறார் என்று சிலர் போற்றினர். இரண்டுமே அதில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் படத்தின் உயிர்நிலை வேறோரிடத்தில் இருக்கிறது. நடிகைத் தேர்வுக்காக எடுத்த துண்டுக் காட்சிகளை ஒரு கொட்டகையில் போட்டுக் காட்டுகிறார்கள். மனைவி பாத்திரத்துக்கும் காதலி பாத்திரத்துக்கும் யார் பொருத்தம் என்று பார்க்க வேண்டும். கூட்டத்தில் லூயிசாவும் அமர்ந்திருக்கிறாள். திரையில் ஒரு நடிகை பேசுகிறாள். அது லூயிசா தன் வீட்டில், தன் கணவனிடம், மனம் நொந்து பேசிய பேச்சு. தன் துயரம் ஊரார் முன்னே ஒத்திகை பார்க்கப்படுவதை அவள் தன் கண்ணால் காண்கிறாள். எழுந்து போய்விடுகிறாள். உண்மையை மட்டும் எடுப்பேன் என்று உறுதி பூண்டவன், அந்த உண்மை தனக்கு மட்டும் உரியதா என்று கேட்டுக்கொள்ளவே இல்லை. லூயிசாவாக நடித்தவர் பிரெஞ்சு நடிகை அனூக் எமே. கண்ணாடி அணிந்த அந்த முகத்தில் கோபமும் மானமும் ஒருங்கே தோன்றுவதைக் கண்டவர் மறக்கமாட்டார்கள்.

குய்தோவை விடாது தொடரும் இன்னொருவன் தோமியே என்னும் திறனாய்வாளன். மெலிந்த உடல், கூரிய நாக்கு. கதையைப் படித்துவிட்டு, இதில் கருத்தே இல்லை, வெறும் நிகழ்ச்சிக் கோவை என்று தள்ளுகிறான். இறுதியில் குய்தோ படத்தைக் கைவிட்டதும், அவனே மகிழ்ந்து பாராட்டுகிறான்! உலகில் வேண்டாத பொருள்கள் மலிந்து கிடக்கின்றன, அவற்றோடு இன்னொன்றைச் சேர்ப்பதைவிட ஒன்றும் செய்யாதிருப்பதே மேல் என்பது அவன் வாதம். வெற்றுத் தாளைப் போற்றிய பிரெஞ்சுக் கவிஞர் மல்லார்மேயைத் துணைக்கு அழைக்கிறான். இளமையிலேயே கவிதையைத் துறந்து ஆப்பிரிக்காவுக்குச் சென்றுவிட்ட ரேம்போவையும் அழைக்கிறான். எளிதில் மறுத்துவிடக்கூடிய வாதம் அன்று அது. ஃபெல்லினி அதற்கு மறுவாதம் எழுதவில்லை. அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே குய்தோவின் கண்முன் வேறொரு காட்சி எழத் தொடங்குகிறது. பேச்சு காதில் விழாமற்போய்விடுகிறது.

இத்தகைய படத்தை ஒருவர் தனியே செய்துவிட முடியாது. ஜான்னி தி வெனான்சோவின் ஒளிப்பதிவில் வெண்மை கண்ணைக் கூசச் செய்கிறது. கருமை மை போலத் திரள்கிறது. அவர் 1966இல், தம் 45ஆம் வயதில் இறந்துபோனார். இசையமைத்த நீனோ ரோட்டா, பாரி நகரத்து இசைக் கல்லூரியின் தலைவராகவும் இருந்தவர். கல்லூரிப் பேராசிரியர் சர்க்கஸ் கொட்டகைக்கு ஏற்ற அணிவகுப்பு இசையை அத்தனை உள்ளக்களிப்போடு எழுதியிருக்கிறார். இத்தாலியர் அக்காலத்தில் குரலைப் பின்னரே பதிவு செய்தனர். ஆகவே படம் பிடிக்கும்போதே ஃபெல்லினி உரக்கப் பேசி நடிகரை நடத்திச் செல்ல முடிந்தது. துனிஸ் நகரில் பிறந்து பிரெஞ்சு பேசி வளர்ந்த கிளாடியா கார்டினாலேவுக்கு அதுவரை பிறர் குரலையே பொருத்தினர். இந்தப் படத்திலேதான் அவருடைய சொந்தக் குரல் முதன்முதலாகக் கேட்டது.

1963 ஜூலையில் இப்படம் மாஸ்கோ திரைப்பட விழாவுக்குச் சென்றது. காலம் நன்றாக இல்லை. 1962 டிசம்பரில்தான் குருஷேவ் ஓர் ஓவியக் கண்காட்சியைப் பார்வையிட்டுப் புதுமை ஓவியர்களை இழிவாகப் பேசியிருந்தார். மக்களுக்குப் புரியும் கலை, மக்களை ஊக்கும் கலை. இவை தவிர மற்றவை ஐயத்துக்குரியவை என்று கருதப்பட்டன. வேலையே செய்ய இயலாமல் தவிக்கும் ஓர் இயக்குநனின் கனவுகளுக்கு உழைப்பாளர் நாட்டின் தலைநகரில் பரிசு கொடுப்பதா? அதிகாரிகள் முகம் சுளித்தனர். நடுவர் குழுவின் தலைவர் சோவியத் இயக்குநர் கிரிகோரி சுக்ராய். நம் நாட்டுச் சத்யஜித் ராயும் அக்குழுவில் ஒருவர். வெளிநாட்டு நடுவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. மேலிடத்து நெருக்கடிக்கு இடையிலும் தலைமைப் பரிசு ‘எட்டரை’க்கே வழங்கப்பட்டது. பரிசைப் பெற்ற படம் சோவியத் நாட்டுக் கொட்டகைகளில் பொதுமக்களுக்குக் காட்டப்படவில்லை என்பது வேறு செய்தி.

1964 ஏப்ரலில் அயல்மொழிப் படத்துக்குரிய ஆஸ்கார் பரிசும், பியேரோ கெரார்திக்கு உடையலங்காரப் பரிசும் கிடைத்தன. 1972இல் ஓர் ஆங்கிலத் திரைப்பட இதழ் உலகத் திறனாய்வாளர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் இப்படம் நான்காம் இடம் பெற்றது. படம் எடுப்பதைப் பற்றியே படம் எடுக்கும் வழக்கம் அதன் பின் பெருகியது. பிரெஞ்சு நாட்டில் துரூஃபோ 1973இலும், அமெரிக்காவில் வுடி ஆலன் 1980இலும் அவ்வழியில் சென்றனர்.

முடிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஃபெல்லினி முதலில் எழுதி, படமும் பிடித்த முடிவு வேறு. குய்தோவும் லூயிசாவும் புகைவண்டியில் ஊர் திரும்புகிறார்கள். உணவுப் பெட்டியில் எதிரெதிரே அமர்ந்திருக்கும்போது, அவன் தலைநிமிர்ந்து பார்க்கிறான். தன் வாழ்க்கையில் வந்த அனைவரும் வெள்ளுடை அணிந்து மற்ற இருக்கைகளில் அமர்ந்து அவனை நோக்குகிறார்கள். வண்டி ஒரு சுரங்கத்துக்குள் புகுந்துவிடுகிறது. படத்தின் தொடக்கமும் சுரங்கம் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். பின்னர், விளம்பரத்துக்கான முன்னோட்டம் ஒன்றுக்காக நடிகர்கள் அனைவரையும் மீண்டும் வரவழைத்து, இரும்புச் சாரத்தின் அடியில் கைகோத்து வட்டமாக ஆடச் செய்து, பல கேமராக்களால் அதைப் படம் பிடித்தார். அந்த ஆட்டத்தைப் பார்த்ததும் முடிவை மாற்றிக்கொண்டார்.

ஆகவே நாம் இன்று காணும் படத்தில், தோமியேயின் பேச்சு தேய்ந்து மறைய, வித்தைக்காரர் வந்து அழைக்கிறார். பெற்றோர், பாட்டி வீட்டார், பாதிரிமார், காதலி, தயாரிப்பாளர் எல்லோரும் சாரத்திலிருந்து இறங்கி வருகிறார்கள். குய்தோ ஒலிபெருக்கியைக் கையிலெடுத்து அவர்களை நடத்துகிறான். அவன் லூயிசாவிடம் தன்னை உள்ளவாறே ஏற்கும்படி வேண்ட, முயன்று பார்க்கலாம் என்பது போல அவள் மறுமொழி கூறுகிறாள், உறுதியொன்றும் தரவில்லை. இருவரும் வட்டத்தில் சேர்கிறார்கள். பின்னர் இருள் சூழ்கிறது. கோமாளிகள் நால்வரோடு குழல் ஊதிக்கொண்டு வெள்ளுடைச் சிறுவன் ஒருவன், பள்ளிப் பருவத்துக் குய்தோ, மட்டும் எஞ்சுகிறான். கோமாளிகளும் போய்விடுகிறார்கள். ஒளிவட்டத்துக்குள் சிறிது தொலைவு நடந்து, அவனும் மறைகிறான்.

புகைவண்டிக் காட்சியின் படச்சுருள் இன்றுவரை கிடைக்கவில்லை. படப்பிடிப்பின்போது கிடியன் பாக்மன் என்பவர் எடுத்த புகைப்படங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. அவற்றைக் கொண்டு 2003இல் இத்தாலியர் ஓர் ஆவணப்படம் எடுத்தார்கள். உணவுப் பெட்டியின் மேசைகளைச் சூழ்ந்து, வெள்ளுடையில் அசையாமல் அமர்ந்திருப்போரை அப்புகைப்படங்களில் காணலாம்.